இரண்டாவது பிரேக்

டமார்!

நீல நிற பிளாஸ்டிக் டிரம் உருண்டு போய்ச் சுவரோரம் ஒண்டிக்கொண்டது. மரத்தடி நாய் எழுந்து, 'இந்த இடம் இனி சரிப்படாது' என்பதுபோல் நடையைக் கட்டியது.

"போச்சா?" என்றாள் மறைந்த டிரைவிங் சாரின் மனைவி, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி.

"டிரம் போனாப் போகுது. பிரேக்குன்னா வலது கால்மா. நீங்க ஏன் ஒவ்வொரு தடவையும் இடது காலால கிளட்ச்சைப் போய் மிதிக்கிறீங்க?"

"அது தானாப் போகுதுடி."

பக்கத்து சீட்டிலிருந்து சொல்லிக்கொடுத்த, பள்ளி வேன் ஓட்டுபவளுக்குத் தலை சுற்றியது. நாளைக் காலை டெஸ்ட். தோற்றால் கார் போய்விடும். "ஓட்டத் தெரியாத அம்மாவுக்குக் கார் எதுக்கு? லைசென்ஸ் வாங்கினா வச்சுக்கட்டும், இல்லேன்னா வித்துடறேன்" என்று சாரின் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். வாங்க ஆளும் பார்த்தாயிற்று.

சாதாரணக் காரா அது! சொல்லிக்கொடுப்பவர் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்த கார். ஊரில் பாதிப் பேர் அதில்தான் ஓட்டக் கற்றார்கள். சார் யாரையும் திட்டியதில்லை. கோபம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொட்டாவி விடுவார். அந்தக் கொட்டாவிக்குப் பயந்தே பலர் ஒழுங்காக ஓட்டினார்கள். 'பொம்பளைக்கு எதுக்கு வேன்?' என்று வேன்காரியின் சொந்த அண்ணனே கேட்டபோது, "வேனுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதும்மா" என்று சாவியை அவள் கையில் வைத்தவர் சார். அதில்தான் இன்றுவரை அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

மனைவிக்கு மட்டும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. "பெண்டாட்டிக்குக் கத்துக்குடுத்தா வண்டி ஓடும், குடும்பம் நின்னுடும்" என்பார். சாவதற்கு இரண்டு வருடம் முன்பு திடீரென்று வகுப்பை மூடினார். "போதும், இனி இவளோட ஊர் சுத்தணும்" என்றார். சாயங்காலமானால் இருவரும் ஜோடியாகக் காரில் போவதைப் பார்த்து ஊரே கண் வைத்தது.

அவர் போனபின் பழைய மாணவர்கள் கூடினார்கள். அவர்களில் ஒருவரான லாரிக்காரர், சார் நினைவாகச் சலவைக்கல்லில் பெயர் பொறிக்கலாம் என்றார்.

"கல்லு வண்டி ஓட்டுமாண்ணே?" என்றாள் வேன்காரி. "ஊருக்கே கத்துக்குடுத்தவர் வீட்ல ஒருத்தர் பாக்கி. அவங்களை ஓட்ட வைப்போம்."

லாரிக்காரர் மீசையைத் தடவினார். மறுநாள் கல்லுக்குப் பதில் அவர் லாரியிலிருந்து டிரம்கள் இறங்கின.

இன்னொரு சுற்று. மறுபடியும் இடது கால். இன்னொரு டிரம் சாய்ந்தது. வேன்காரிக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொட்டாவி விட்டாள்.

சாரின் மனைவி குலுங்கிச் சிரித்தாள். "அடிப்பாவி, இதையுமா அவர்கிட்ட கத்துக்கிட்டே!" சிரிப்பு நின்றபோது இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வேன்காரிக்குத் தன் முதல் வாரம் ஞாபகம் வந்தது. "செருப்பைக் கழட்டுங்கம்மா. மிதிக்கிறதுக்கு முன்னாடி எந்தக் காலுன்னு வாய்விட்டுச் சொல்லணும். சார் என்னை அப்படித்தான் திருத்தினார்."

"வலது... இடது... வலது..."

இருட்டும்வரை அதே பாட்டு. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்களோ என்று தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் டிரம் எல்லாம் நின்றது நின்றபடி இருந்தது.

மறுநாள் டெஸ்ட் எடுத்த அதிகாரி, "என்னம்மா முணுமுணுக்கறீங்க?" என்றார்.

"பாடம் ஒப்பிக்கிறேன் சார்."

சிரித்துக்கொண்டே 'பாஸ்' என்று எழுதினார்.

திரும்பும்போதும் சாரின் மனைவியே ஓட்டினாள். சார் இருக்கையில் வேன்காரி. அங்கே உட்கார்ந்ததும், எப்போதும்போல அவள் கால் தானாக இரண்டாவது பிரேக்கின் மேல் போய் நின்றது. இடது கால். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, சாயங்காலம் சாரோட போவீங்களே, அப்ப இந்த சீட்லயா உக்காருவீங்க?"

சாரின் மனைவி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடைசி ரெண்டு வருஷம் அவருக்கு வலது கால் மரத்துப்போச்சுடி, அதான் வகுப்பை மூடினார், ஸ்டியரிங் அவர் கையில இருந்துச்சு, பிரேக் என் கால்ல இருந்துச்சு."