ஒன்பது மாதம் பத்து நாள்

“ஒம்பது மாசம் பத்து நாள்!”

நுஹ்மான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இலங்கையில் நிவித்திகல பஜாரில் பெட்டிசன் எழுதிப் பிழைப்பவர் அவர். எதிரே பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்த இருதயராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அதுல என்ன நுஹ்மான் நானா?”

“என்னவா? எட்டு மாசத்துக்கு மேல இந்தியாவுல இருந்தவனுக்கு நிரந்தரக் குடிச்சீட்டுக் கிடையாது. அஞ்சு வருசத்துக் கணக்கு அது. இப்ப முப்பத்தாறாம் வருசம். நீங்க முப்பத்திரண்டு ஜனவரி பன்னண்டுல போய், அக்டோபர் இருபத்திரண்டுல வந்து இறங்கினதா இந்த மண்டபம் கப்பல் கேம்பு அட்டை சொல்லுது. இதையும் துரைகிட்ட நீட்டலாம்னா வந்தீங்க?”

ஆமாம், அப்படித்தான் வந்திருந்தான். காகிதம் கூடினால் காரியம் கூடும் என்பது தோட்டத்து லய வரிசைகளில் குடியிருக்கும் எல்லோருடைய நம்பிக்கையும்.

இருதயராஜுக்குக் கொஞ்ச காலமாகவே பார்வை மங்கிவிட்டது. ரப்பர் மரத்தில் கோடு தப்பி வெட்டுகிறான் என்று தோட்டத்தில் பெயரை வெட்டி, வேலையிலிருந்து நிறுத்திய பற்றுச்சீட்டும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த மாதக் கடைசிக்குள் லயத்துக் காம்பராவைக் காலி செய்யவேண்டும். இல்லையென்றால் இந்தியாவுக்கு இலவசக் கப்பல். அவன் பிறந்தது இங்கேதான், றக்வானைப் பக்கம். இந்தியாவில் அவனுக்கென்று ஒரு கதவு கிடையாது. தோட்டத்து எல்லைக்கு அப்பால் அரசாங்கம் துண்டு போட்டுக் கொடுக்கும் காட்டு நிலத்தில் அரை ஏக்கர் கிடைத்தால் தப்பித்தான். தோட்டத்து ஆளுக்கு நிலம் வேண்டுமென்றால் குடிச்சீட்டு வேண்டும் என்று அரசாங்க ஏஜண்டு துரை சொல்லிவிட்டார். விசாரணை அன்று காலை பத்து மணிக்கு.

“வேற என்ன காகிதம் குடுத்திருக்கீங்க?”

“போன வாரமே மனுவோட, இந்தியாவுல நோயில செத்த எம்பொண்டாட்டி மரியாயி சாவுச் சீட்டு குடுத்தேன். பங்குச் சாமியார் எழுதினது. அங்க பொண்டாட்டி இருக்கிறவனுக்கு நிலம் இல்லைன்னு சொன்னாங்க. அதான், யாரும் இல்லைன்னு காட்ட...”

“தேதி?”

“செப்டம்பர் பத்தொம்பது.”

நுஹ்மான் நெற்றியில் அடித்துக்கொண்டார். “சரி, கேளுங்க. இந்த அட்டையைக் காட்ட வேணாம். ஆகஸ்டுலயே திரும்பிட்டேன், ரெண்டு மாசம் றக்வானைப் பக்கம் வேலை தேடி அலைஞ்சேன்னு சொல்லுங்க. அப்ப ஏழு மாசம் சொச்சம். இங்க நீங்க அக்டோபர் கடைசியில வந்தது எல்லாருக்கும் தெரியும். அது பொருந்திப் போகும். ஆனா...”

“ஆனா?”

“பொஞ்சாதி மவுத்தானது செப்டம்பர். அப்ப நீங்க அங்க இல்ல. விளங்குதா?”

விளங்கியது. இருதயராஜ் எழுந்து வெளியே நடந்தான்.

பள்ளிக்கூட விறாந்தையில் மேசை போட்டு ஏஜண்டு துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கும் முதலியார். முற்றம் நிறையக் கிராமத்து ஜனம். நிலவிசாரணை என்றால் ஊர் முன்னால்தான் நடக்கும். ஆட்சேபம் உள்ளவன் எழுந்து சொல்லலாம். தோட்டத்துப் பக்கமிருந்து லூர்தம்மா மட்டும் வந்திருந்தாள். மரியாயியின் தங்கை, அதே லயத்தில் புருசனோடு இருப்பவள். இந்த நாலு வருடமும் அவள் அடுப்பில்தான் அவனுக்கும் சோறு வெந்தது. இன்று சாட்சி சொல்ல அரைநாள் பேரும் கூலியும் போனாலும் பரவாயில்லை என்று வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருக்கிறாள்.

பெயர் கூப்பிட்டதும் கிராமத் தலைவர் ஆராச்சி எழுந்தார். அந்த அரை ஏக்கரின் மேல் அவர் மருமகனுக்கும் கண். “இவன் இந்தியாக்காரன். வருவான், போவான். எத்தனை மாதம் அங்கே இருந்தான் என்று கேளுங்கள் ஹாமு” என்றார் சிங்களத்தில்.

முதலியார் தமிழுக்கு மாற்ற வாயெடுத்தார். அதற்குள் இருதயராஜே சிங்களத்தில் பதில் சொன்னான். ஜனவரியில் போனேன். ஆகஸ்டில் வந்தேன். இரண்டு மாதம் வேலை கிடைக்காமல் அலைந்தேன்.

துரை காகிதங்களைப் புரட்டினார். முதலியாரிடம் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். முதலியார் அதைச் சிங்களத்தில் அவனிடம் கேட்டார்.

“உன் மனைவி இறந்தது செப்டம்பர் என்று இருக்கிறது. நோயாளியை விட்டுவிட்டா வந்தாய்?”

லூர்தம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவள் பார்வை தன் முதுகில் பதிந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. திரும்பினால் தீர்ந்தது.

“ஆமா ஹாமு. விட்டுட்டு வந்தேன்.”

“சாகும்போது பக்கத்தில் இல்லை?”

“இல்லை.”

துரை எழுதினார். லூர்தம்மாவைக் கூப்பிட்டு, இவன் எப்போது லயத்துக்கு வந்தான் என்று கேட்டார்கள். “அக்டோபர் கடைசி” என்றாள். இலவசக் கப்பல் இனி வேண்டாம், இந்தத் தீவே என் இடம் என்ற தாளில் இருதயராஜ் கைநாட்டு வைத்தான். பெயர்ப் பட்டியல் முப்பது நாள் ஒட்டியிருக்கும். அதுவரை யாரும் ஆட்சேபிக்கலாம் என்றார் முதலியார்.

அன்று சாயந்தரம் அவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“மச்சான், அக்கா உங்க மடியில தல வச்சு, எம்பேரச் சொல்லித்தான் கண்ண மூடினான்னு சொன்னீங்களே. நாலு வருசமா அதச் சொல்லிச் சொல்லித்தானே நான் மனசத் தேத்திக்கிறேன். பொய்யா அது?”

உண்மை அதுதான். மடியில்தான் போனாள். “நானில்லாம லூர்து தனியாப் போயிடும்” என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு முப்பதாம் நாள் பூசை வரை இருந்துவிட்டுத்தான் அவன் கிளம்பினான். ஆனால் லயத்துச் சுவர் வெறும் தடுப்புப் பலகை, பேசுவது அப்படியே அந்தப் பக்கம் கேட்கும். அடுத்த காம்பராவில் கங்காணி ஏழுமலை இருமிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஆராச்சிக்கும் ஒரே கள்ளுக்கடை.

“தொர முன்னாடி சொன்னதுதான்” என்றான் இருதயராஜ்.

“பேசிக்கிறாங்க மச்சான். நோயில கெடந்தவள ரோட்டுல போட்டுட்டு ஓடியாந்த மனுசன்னு. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போயி அவளுக வாயக் கிழிச்சிட்டு வர்றேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாளிலிருந்து அவனே சோறு பொங்கிக்கொண்டான். குழாயடியில் அவன் வாளி வைத்தால் பெண்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஞாயிறு ஜெபத்தில் அவன் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. அவன் நாளை எண்ணினான். பதினைந்து. இருபத்திரண்டு. முப்பது. ஆட்சேபம் வரவில்லை. முத்திரை குத்திய சீட்டு கைக்கு வந்தது.

முப்பத்தோராம் நாள் காலையில் சீட்டை மடியில் செருகிக்கொண்டு லூர்தம்மா வாசலில் போய் நின்றான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான். எட்டு மாதச் சட்டம், நுஹ்மான் சொன்னது, ஏழுமலைக்குப் பயந்தது, மடி, கடைசி மூச்சு, முப்பதாம் நாள் பூசை. சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை.

“வந்து எறங்கின அன்னிக்கும் இப்பிடித்தான் கண்ணு கலங்கிச் சொன்னீங்க மச்சான். தொர முன்னாடியும் அசையாமத்தான் சொன்னீங்க. நிலத்துக்காகப் பொய் சொன்னேங்கிறீங்க. இப்ப எதுக்குச் சொல்றீங்களோ, எனக்கெப்பிடித் தெரியும்?”

“லூர்து, அக்கா மேல சத்தியமா...”

“அவள இழுக்காதீங்க.” கல்லொன்றைப் பொறுக்கி எறிந்தாள். “வீடு கட்டிட்டீங்கன்னா சொல்லி அனுப்புங்க, எங்க வீட்டுக்காரர் வந்து கூரைக்கு ஒரு கை பிடிப்பாரு. அவ பூசைய நான் வச்சுக்குறேன். அதுக்கு நீங்க வரவேணாம்.”

இருதயராஜ் கத்தியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி நடந்தான். நில அளவைக்காரன் நாலு மூலையிலும் முளை அடித்திருந்தான். நடுவில் நின்று பார்த்தால் அவன் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. கையால் புதரை விலக்கி, ஒவ்வொரு முளையாகத் தடவித் தடவித் தேடினான்.