ஜூலையில் முட்டாள்

என் புருஷன் வெண்டெல் ஒரு பரீட்சையில் வருடா வருடம் வேண்டுமென்றே தோற்றவர். புத்தி இல்லாமல் அல்ல, பிழைப்புக்காக.

அமெரிக்க ஃபுட்பாலில் அவர் ஒரு தொழில்முறை அணியின் தடுப்பு வரிசை ஆட்டக்காரர். பந்தோடு ஓடி வருகிறவனை முட்டிச் சாய்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு ஜூலையிலும் பயிற்சி முகாம் தொடங்கும்போது அணியின் மருத்துவர் பத்துச் சொற்களைச் சொல்வார். சற்றுப் பொறுத்து ஆட்டக்காரர்கள் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு செப்டம்பர், அக்டோபர் ஆட்டங்களில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும் நடக்கும். ஜூலையைவிடக் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். அதனால் ஜூலையில் எல்லோரும் முட்டாளானார்கள். வெண்டெல் நாலு சொல்லோடு நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து பத்தையும் என்னிடம் ஒப்பிப்பார்.

முழங்கால் போனதும் ஒஹாயோவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே கோச் ஆனார். பிள்ளைகளுக்கும் அந்த வித்தையைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

"ஜூலையில எவனும் அறிவாளியா இருக்காதீங்கடா. அறிவ அக்டோபருக்கு வெச்சுக்கோங்க."

ஊரே அதை ரசித்தது. போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், எப்போதோ படிப்பு முடித்துப் போன பையனின் பேரைச் சொல்லிக் களத்தில் இறங்கச் சொன்னார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பள்ளி ஒரு கேக் வெட்டி, கைதட்டி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

நான் வேலைக்குப் போகிறவள். அடுப்பை எரியவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறவரைத் தனியாக விட முடியாது. ஆட்டத்தில் பட்ட அடியால் வந்த மறதி என்று பழைய அணி ஒப்புக்கொண்டால் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுவார்கள். அதற்காகத்தான் அவர்களுடைய மருத்துவரிடம் போனோம். இந்த முறை ஒழுங்காகச் சொல்லும்படி காரிலேயே கெஞ்சினேன்.

மருத்துவர் பத்துச் சொற்களைச் சொன்னார். வெண்டெல் நெற்றி வியர்க்க யோசித்து நாலைச் சொன்னார். ஐந்தாவதாக என் பேரைச் சொன்னார். அந்தப் பத்தில் என் பேர் இல்லை.

மருத்துவர் பழைய கணக்கைத் திரையில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்பவும் நாலுதாம்மா. எதுவும் குறையலையே."

அந்த நாலு பொய் என்றேன். அப்படியானால் உங்கள் கணவர் அணியை ஏமாற்றினார் என்று எழுதிக்கொள்ளவா என்று மிகப் பணிவாகக் கேட்டார். எழுதினால் அத்தோடு எல்லாக் கதவும் அடைபடும். அத்தனை ஜூலையும் அந்தப் பொய் அணிக்காரர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை களம் நிறைந்தால் போதுமென்று இருந்தவர்கள்தானே.

காரில் உட்கார்ந்ததும் வெண்டெல் குனிந்து என் காதோடு சொன்னார்.

"எப்படி ஏமாத்துனேன் பாத்தியா? ஞாயித்துக்கெழம நான்தான் ஆடுவேன்."

சீட் பெல்ட்டை எங்கே மாட்டுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். வாங்கி மாட்டிவிட்டேன்.