தணிக்கையின் சிவப்பு அடையாளம்

கல்வராயன் மலையின் ஆயிரமாண்டுப் பண்பாடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேராபத்தில் சிக்கியது. அன்று பத்தரைக்குத்தான் ஊரில் டவர் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

ஊர்த்தலைவர் மாதன் உடனே களத்தில் இறங்கினார். பெண்கள் போடும் வீடியோக்களை ஒரு குழு பார்த்துத் தணிக்கை செய்யும் என்று அறிவித்தார். குழுவில் அவர் ஒருவரே இருந்தார். காலையில் கட்டிலில் சாய்ந்தால் சார்ஜ் தீரும்வரை பண்பாட்டுப் பணிதான். அந்த வருஷம் கேழ்வரகு அறுப்பு அவர் இல்லாமலேயே நடந்தது.

ஒரு மாதம் கழித்துக் கோயில் முன்னால் ஊர் கூடியது. குற்றவாளி கவியா. சாமைப் பொங்கல், தினை உருண்டை என்று அவள் போட்ட வீடியோக்களைப் பார்த்துத்தான் உளுந்தூர்பேட்டை ஓட்டல்காரர் ஒருவர் மாதம் இரண்டு மூட்டை சாமை கேட்டிருந்தார். அவள் போனைக் கோயில் உண்டியலில் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்றார் தலைவர். போன் போனால் ஓட்டல்காரரும் போய்விடுவார்.

அப்படி எதில் தப்பு கண்டார் என்று கவியா கேட்டாள்.

"உன்னுது, ஊரான் போட்டது, எல்லாம் ஒண்ணு வுடாம பாத்துக்கினுதான் இருக்கேன். பாத்ததுக்கு அடையாளமும் வச்சிருக்கேன், இந்தா" என்று மாதன் தன் போனை நீட்டினார்.

வனத்துறை ஆட்கள் எண்ணி முடித்த மரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். திரையில் இரண்டு தட்டு தட்டினால் சிவப்பாக ஒன்று வருவதைப் பார்த்த மாதன், இதுவும் அதுதான் என்று முடிவு செய்திருந்தார்.

அவர் சிவப்பு வைத்த வீடியோக்களின் பட்டியலைக் கவியா திறந்தாள். "இது ஹார்ட்டு மாமா. ரொம்பப் புடிச்சிருந்தா வைக்கிறது."

கூட்டம் நெருங்கி வந்தது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. வடக்கனந்தலில் ஆடியவர், திருக்கோவிலூரில் புடவை கட்டிக் காட்டியவர், ஒருவரையும் தலைவர் விட்டுவைக்கவில்லை. உண்டியல் சாவியோடு நின்ற பூசாரி, மழை வரும்போல இருக்கிறது என்று சாவியை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினார். அதன்பிறகு கவியாவின் போனை யாரும் கேட்கவில்லை.

மாதனின் மனைவி ஆயம்மாள் மட்டும் அவர் போனை வாங்கிப் பட்டியலை நிதானமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"ஏண்டி கவியா, நான் சாமை குத்துனத போட்டியே, அது எங்க?"

கவியா தேடி எடுத்துக் கொடுத்தாள். அவள் போட்ட பத்தொன்பது வீடியோவில் அது ஒன்றில்தான் சிவப்பு இல்லை.