பூ கேட்கப் போனவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு சிரிப்பை மட்டும்தான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

போன ஆவணியில் வெண்ணந்தூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வண்டியில் ராசிபுரம் திரும்பிக்கொண்டிருந்தேன். பாயசத்தை இரண்டாவது தடவையும் வாங்கியதால் கண்ணைச் சொருகியது. சாலையோரத்து மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். கோயில் படியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். முப்பதைத் தாண்டிய வயது. நடுவில் பிரித்துப் போட்ட வாழையிலைப் பொட்டலம், அதில் ஒரு வெள்ளை அரளிப்பூ. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு. உள்ளேயிருந்து பூசாரி எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போனார்.

சாமி சந்நிதியில் அப்படிச் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும், கதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அன்று சாயங்காலம் தீனதயாளன் போன் செய்தார். ஒரு மாத இதழின் ஆசிரியர் அவர். "மனிதகுலத்தின் எதிர்காலம் இன்றைவிட நன்றாக இருக்குமா, மோசமாக இருக்குமா" என்று சிறப்பிதழ் போடுகிறாராம். எனக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். ஏதாவது ஒரு பக்கம் நின்று எழுத வேண்டும், வழவழா கொழகொழா வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனிதகுலத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மனிதகுலத்தில் அன்றைக்கு நான் பார்த்தது அந்த இரண்டு பேரைத்தான். சரி, அவர்களையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பூமி வெப்பமடைந்துகொண்டே போகும் இந்த இருபத்தோராம் நூற்றாண்டில், மானுடம் ஒரு திருப்புமுனையில்—"

என் மனைவி அமுதவல்லி பின்னால் நின்று படித்துவிட்டு, பத்தாம் வகுப்புக் கட்டுரை மாதிரி இருக்கிறது என்றாள். மார்க் போட்டால் எத்தனை போடுவாய் என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரண்டாவது தொடக்கம்: "அன்று காலை கண்விழித்தபோது இளவழகனின் மனதில்—" மனதில் என்ன என்று எனக்கே தெரியவில்லை, அதனால் அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. நிற்கட்டும். ஒரு பெயர் கிடைத்ததே லாபம்.

ஆக, புருஷன் பெயர் இளவழகன். பெண்டாட்டி கலைமணி. கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. உடம்பில் ஒரு குறையும் கிடையாது. பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று இரண்டு பேரும் இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான். [இதை அக்கம்பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆறு வருஷமாக ஆளுக்கொரு டாக்டரைச் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறார்கள்.]

நடுவில் ஒரு வரைவில் கலைமணிக்குச் சின்னாயி என்று மாமியார் ஒருவர் இருந்தார். நன்றாகப் பேசினார். அதுதான் தொந்தரவாகிவிட்டது, அவர் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு இடமில்லை. நீக்கிவிட்டேன். பள்ளிபாளையத்தில் மகள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

இளவழகனுக்கு ஒரு வேலை வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள் என்று வைத்துக்கொண்டால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, அந்த ஊர் ரிக் வண்டிக்குப் பேர்போனது. ரிக் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. துளையிடும் ராடுகளைத் தூக்கும் ஆளாகச் சேர்ந்தவன், இப்போது மெஷினை ஓட்டுகிறான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒடிசா என்று சுற்றிக்கொண்டிருப்பான். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போதுதான் வீடு.

அவன் வேலைக்குப் போன புதிதில் முந்நூறு அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்த ஊர்கள் உண்டு. ஊரே கூடி நனையும். அதே ஊர்களில் இன்றைக்கு ஆயிரம் அடி இறங்கினாலும் புழுதிதான் வருகிறது. புழுதியையே பார்த்துக்கொண்டு நிற்கிற விவசாயியிடம் போய், போதும் நிறுத்திவிடலாம் என்று சொல்ல வேண்டியவன் இளவழகன். அந்த முகங்களை அவனால் மறக்க முடியவில்லை. அதனால் எதிர்காலத்தைப் பற்றி அவனிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான். கலைமணியிடம் ஒருமுறை சொன்னான்:

"மேல நின்னு பாக்கறவங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும் புள்ள. நான் அடியில என்ன இருக்குதுன்னு பாத்துட்டேன். நாளைக்கு நம்ம கொழந்த வந்து தண்ணியெல்லாம் எங்கப்பா போச்சுன்னு கேட்டா, நாந்தான் ஊரு ஊரா ஓட்டை போட்டேன்னு சொல்லோணுமா?"

கலைமணி நர்ஸ். அரசு மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. குறைமாதத்தில் பிறந்ததுகள், உள்ளங்கையில் அடங்குகிறதுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டில் கிடக்கும். நாமக்கல் பெண் அல்லவா, கோழிப்பண்ணையில் குஞ்சு பொரிக்கிற முட்டையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்வாள். பிரசவத்துக்குத் துணையாக வரும் வயதான பெண்கள் பேச்சுவாக்கில் பெற்றது இத்தனை, தங்கியது இத்தனை என்று இரண்டு எண் சொல்வார்கள். அவர்களுடைய பேத்திகள் ஒரே எண்தான் சொல்கிறார்கள். இதைக் கவனித்த நாளிலிருந்து கலைமணிக்கு உலகத்தின் மேல் ஒரு நம்பிக்கை. பிழைக்காது என்று கைவிட்டதெல்லாம் இன்றைக்குப் பள்ளிக்கூட வேனில் போகிறது என்பாள்.

(இங்கே எனக்கே ஒரு சந்தேகம். ஒருவன் பூமிக்கு அடியில் பார்க்கிறான், ஒருத்தி தொட்டிலைப் பார்க்கிறாள். பொருத்தம் ரொம்பக் கச்சிதமாக இருக்கிறதே, யாரோ உட்கார்ந்து ஜோடி சேர்த்த மாதிரி. ஆமாம், நான்தான் சேர்த்தேன். ஆனால் இந்தக் கேள்விக்கு நாம் எல்லோருமே இப்படித்தானே பதில் சொல்கிறோம்? பஸ்ஸில் எந்த ஜன்னல் கிடைத்ததோ அதில் தெரிவதைச் சொல்கிறோம். நான் பரமத்தி வேலூரில் வாய்க்கால் கரையில் பிறந்தவன். வாழையும் வெற்றிலையும் பார்த்து வளர்ந்தவனிடம் உலகம் அழியப்போகிறது என்று சொன்னால், சரி, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றுதான் தோன்றும்.)

4

கலைமணிக்கு முப்பத்து நான்கு முடியப்போகிறது. ஆயுத பூஜை முடிந்ததும் ரிக் வண்டி கிளம்பிவிடும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவன் கிளம்பும்வரை பேசினார்கள், அவன் கிளம்பினான், பேச்சு அப்படியே கிடந்தது. இந்த வருஷம் அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம், நீங்கள் வண்டி ஏறுவதற்குள் ஏதாவது ஒன்று. இன்னும் தள்ளிப்போட என்னால் முடியாது.

சண்டையெல்லாம் இல்லை. அவன் தண்ணீர் என்பான், அவள் கண்ணாடிப் பெட்டி என்பாள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால் யாரும் ஜெயிக்கவில்லை. கடைசியில் சோற்றைப் பிசைந்தபடி அவன்தான் சொன்னான், பூ கேட்டுவிடலாம் என்று. அவளும் சரி என்றாள்.

(பூ கேட்பது தெரியாதவர்களுக்கு: வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். என் கதையில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. உங்கள் ஊர்க் கோயிலில் வேறு மாதிரி இருக்கலாம். கடிதம் எழுத வேண்டாம்.)

5

பூசாரி சென்னியப்பன் இரண்டு பொட்டலங்களையும் உருட்டிப் போட்டார். மனசுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். கலைமணி எடுத்தாள்.

இந்த இடத்தில்தான் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன்.

சிவப்பு வந்ததாக எழுதிப் பார்த்தேன். அவள் வந்து வண்டியில் ஏறினாள். அவனுக்கு நிம்மதி. நிம்மதியாக இருப்பதால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் அவள் தோசை ஊற்ற வேண்டும். அந்தத் தோசையை என்னால் எழுத முடியவில்லை, அப்படியே—

வெள்ளை வந்ததாக எழுதினேன். அவளுக்குச் சந்தோஷம், அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினான். முகங்களை இடம் மாற்றி வைத்ததைத் தவிர இதிலும் அதே தோசைதான்.

இரண்டிலும் ஒருவர் ஜெயிக்க ஒருவர் தோற்க வேண்டியிருந்தது. ஆனால் நான் என் கண்ணால் பார்த்தேனே, இரண்டு பேரும் அல்லவா சிரித்தார்கள்? இலையில் இருந்தது வெள்ளைப்பூ, அதுவும் நிச்சயம். ஒரே பூவைப் பார்த்து, எதிரெதிராக நிற்கும் இரண்டு பேரும் எப்படிச் சிரிக்க முடியும்?

அமுதவல்லியிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "ரெண்டு பேரும் ஒரே கேள்வியத்தான் கேட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. நானாகவே எடுத்துக்கொண்டேன். அவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பூ கேட்கலாம் என்று பேசினார்களே தவிர, என்னவென்று கேட்பது என்று பேசவே இல்லை.

6

வெள்ளைப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் படியில் வந்து உட்கார்ந்தார்கள். இளவழகன் ஓரக்கண்ணால் பார்த்தான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, வெள்ளதான வந்திருக்குது? பொறவென்ன?"

"ஆமாங்க. நீங்க நெனச்சபடியே ஆயிருச்சு. பரவால்ல உடுங்க."

"நான் நெனச்சபடியா? நீ நெனச்சபடின்னு சொல்லு."

கலைமணி திரும்பினாள். "நீங்க என்னன்னுங்க கேட்டீங்க?"

"புள்ள பெத்துக்கலாமா ஆத்தான்னு கேட்டேன். உனக்கோசரந்தான். என்ற பயத்தக் கொண்டுபோயி அங்க நிறுத்த எனக்குப் புடிக்கல."

அவள் பூவை இலையோடு நடுவில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான், வேண்டாம்னே இருந்துக்கலாமான்னு கேட்டனுங்க. நீங்க தூக்கத்துலகூட தண்ணி தண்ணின்னு பொலம்பறீங்க. நான் பெத்துக்கிட்டு, காலம் பூரா நீங்க பயந்துட்டே கெடக்கறதா? எனக்கு மனசு வரலீங்க."

இரண்டு பேரும் அந்தப் பூவைப் பார்த்தார்கள். அம்மன் இரண்டு பேருக்கும் ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறாள். முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். அதைப் பார்த்து அவளுக்கு வந்தது. ஆறு வருஷமாக எதிரெதிராக நின்றுவிட்டு, கேட்க வேண்டிய அன்றைக்கு ஒருவர் இடத்தில் ஒருவர் போய் நின்றிருக்கிறார்கள். சாலையோரம் வேப்பமரத்தடியில் ஒரு ஆள் கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அவர்கள் கவனிக்கவில்லை.

இன்னொரு தடவை பூ போட முடியுமா என்று இளவழகன் உள்ளே போய்க் கேட்டான். சென்னியப்பன் விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டு விபூதித் தட்டைக் கழுவி வைத்தார்.

"ஆத்தா அவ சொல்றதச் சொல்லிப்போட்டா. மிச்சத்த ஊட்டுக்குப் போயிப் பேசிக்குங்க சாமி."

7

தீனதயாளனுக்கு இதுவரை எழுதியதை அனுப்பினேன். படித்துவிட்டுக் கூப்பிட்டார். கதை பிடித்திருக்கிறது, ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையே என்றார். தெரியாமல்தான் எழுதினேன் என்றேன். சரி, முடிவாவது வேண்டாமா, குழந்தை பிறந்ததா இல்லையா என்று வாசகர்கள் கேட்பார்களே என்றார்.

எழுதிப் பார்க்காமல் இல்லை. [நான்கு வருஷம் கழித்து. சேலம் பஸ் நிலையம். இளவழகனின் தோளில் ஒரு பெண் குழந்தை, அதன் கழுத்தில் தண்ணீர் பாட்டில்—] தண்ணீர் பாட்டில் ரொம்ப அதிகம் என்று அமுதவல்லி சொன்னாள். சொல்லாவிட்டாலும் அந்த வரியை அடித்திருப்பேன். [இரண்டு பேராகவே இருக்கிறார்கள். ரிக் வேலையை விட்டுவிட்டு, மழைத் தண்ணீரைப் பூமிக்குள் இறக்குகிற குழிகள் வெட்டுகிறான். கலைமணி காப்பாற்றி அனுப்பிய குழந்தைகள்—] இது அரசாங்க விளம்பரம் மாதிரி வருகிறது. ஆனாலும் அந்தக் குழி வெட்டுகிற இளவழகனை எனக்குப் பிடித்திருந்தது. மனசில்லாமல்தான் விட்டேன்.

உண்மையைச் சொன்னால், இந்த இரண்டு பேர் மேலும் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. எது நடந்தாலும் நன்றாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது. உலகம் எப்படிப் போனாலும் என்று சொல்ல வந்தேன், அவ்வளவு தூரம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, பெட்டிக்குள் குழந்தைகள் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

8

இப்போது கோயில் வாசலிலிருந்து அவர்கள் வண்டி கிளம்பிவிட்டது. அவன் ஓட்டுகிறான், அவள் பின்னால். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாலும் இன்றைக்கே பேசிவிடுவார்கள். இனி பேச்சு தலைகீழாக நடக்கும். அவன் பெத்துக்கலாம் என்பான், அவள் வேண்டாம் என்பாள், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் என்னால் போக முடியாது. எனக்கு ராசிபுரம் போக வேண்டும், வேறு பாதை. யாராவது ஒருவர் அவர்கள் கூடப் போக வேண்டும். நீங்கள் போய்வாருங்கள்.

குழந்தையா, இல்லையா, நீங்களே முடிவு செய்யுங்கள். எதிர்காலம் நன்றாக இருக்குமா மோசமாக இருக்குமா என்பதையும் சேர்த்தே முடிவு செய்துகொள்ளுங்கள், தீனதயாளனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. கண்ணை மூடிக் கேட்கும்போது உங்களுக்கு வேண்டியதைக் கேட்காதீர்கள். இந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதைக் கேளுங்கள்.