பூட்டுக்காரரின் இதயம் தட்டிய முப்பது கதவுகள்

பூட்டுக்காரரின் இதயம் தாளம் தப்பும்போதெல்லாம் அவர் தெருவில் முப்பது கதவுகள் தட்டப்பட்டன. திறந்து பார்த்தால் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். அவசரமாக இரண்டு தட்டு, பிறகு ஓர் இடைவெளி, அப்புறம் ஐந்தாறு தட்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். தெருக்காரர்கள் முதல் வாரம் பிள்ளைகளைத் திட்டினார்கள், இரண்டாம் வாரம் காற்றைத் திட்டினார்கள். மூன்றாம் வாரம், தட்டல் கேட்கும்போது பூட்டுக்காரரின் நாடியைப் பிடித்துப் பார்த்ததில் உண்மை தெரிந்துவிட்டது. அதன்பின் மூலை வீட்டு டீச்சர் பூட்டுக்காரரின் மனைவிக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுக்காரர் தட்டிக்கிட்டிருக்கார், கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லுங்க" என்று சொல்லும் அளவுக்குப் பழகிப்போனது. அவருடைய சொந்த வீட்டுக் கதவு மட்டும் ஒருநாளும் தட்டப்படவில்லை. அவருக்கும் நெஞ்சில் எதுவும் தெரியாது. கடையில் உட்கார்ந்து யாருடைய பீரோ சாவிக்கோ அரம் போட்டுக்கொண்டிருப்பார்.

இதய டாக்டர் அவர் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தின் இடது மேலறைக்கு நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் நான்கு வாசல்களைச் சுற்றிச் சூடு போட்டார். தறிகெட்ட மின்சாரம் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறதாம். தெரு பதினான்கு மாதம் அமைதியாக இருந்தது. பிறகு மறுபடியும் தட்டல், மறுபடியும் சூடு. இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பூட்டுக்காரர் யாரும் கேட்காத ஒரு காரியம் செய்தார். ஊர்ப் பூட்டையெல்லாம் சரிசெய்கிறவன் தன் நெஞ்சை அடக்கத் தெரியாமல் நிற்கிறானே என்று அவருக்கு உள்ளூர வெட்கம். தூசி வராது, சத்தம் வராது, காசும் வேண்டாம் என்று வீடுவீடாகப் போய், முப்பது கதவுகளின் உள்பக்கமும் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிவிட்டு வந்தார். கூரியர்காரர் தொண்டை வறளக் கத்த வேண்டியிருந்ததே தவிர, தெருவில் வேறு குறை இல்லை. இனி என்ன, குணமாகிவிட்டது என்று ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையையும் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் பல் டாக்டர் ஒருவர் அந்தத் தெருவுக்குக் குடிவந்து, பழைய கதவைக் கழற்றிப் புதுக் கதவு போட்டார். ஒன்பதாம் நாள் காலை அவர் பூட்டுக்காரரின் மனைவியிடம் வந்து, "யாரோ கதவைத் தட்டிட்டு ஓடிடறாங்க. ஒழுங்காத் தட்டக்கூடத் தெரியலைங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவள் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள். ஸ்பாஞ்சின் ஒரு மூலையைப் பிய்த்து, வெறும் மரத்தில் உள்ளங்கையை வைத்தாள். கதவு துடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. மேலறை இப்படி நடுங்கினால் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போய் ஆளையே சாய்த்துவிடும் என்று இதய டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கடைக்குப் போய் முதலில் அழுதாள், பிறகுதான் திட்டினாள்.

"கதவு வாயை மூடிட்டா நெஞ்சு சரியாயிடுமா? நீங்க நல்லா இருக்கீங்களா இல்லையான்னு நான் இனிமே யார்கிட்டங்க கேக்கறது?"

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். நல்லவேளை, கட்டி இல்லை. நிறுத்திய மாத்திரையை அங்கேயே தொடங்கி வைத்தார். பழைய தழும்பில் எங்கோ இடைவெளி விழுந்திருக்கும், அதைத் தேடி மூன்றாம் முறை சூடு போடலாம் என்றார். தாளத்தைப் பிடித்து வைக்கும் மாத்திரை உண்டு, ஆனால் கை நடுங்கலாம் என்றார். பூட்டுக்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பேஸ்மேக்கர் பொருத்திவிட்டு மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள மின்தொடர்பைத் துண்டிக்கலாம், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அந்த மெஷினை நம்பித்தான் இதயம் ஓடும். வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு இப்படியே காலம் தள்ளவும் செய்யலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ரத்த மாத்திரையைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பூட்டுக்காரர் டாக்டரின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "வாசல் நிலை இறங்கியிருந்தா எத்தனை பூட்டு மாத்தினாலும் கதவு சேராது டாக்டர்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். குறட்டை விடுவாரா?" என்று டாக்டர் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"பக்கத்துல லாரி ஓடுற மாதிரிங்க."

சோதித்ததில், தூக்கத்தில் மணிக்கு நாற்பது முறை அவருக்கு மூச்சு நின்று வந்தது தெரிந்தது. ஆகவே நிலையிலிருந்து தொடங்கினார்கள். மூக்கில் காற்று மெஷினை மாட்டிக்கொண்டு தூங்கினார், காலையில் நடந்தார், ஆறு மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தார். கையோடு கையாகச் சுரண்டியை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய், நடந்ததைச் சொல்லி ஸ்பாஞ்சைப் பிய்த்தெடுத்தார். பழைய வெட்கத்தைவிட இந்த வெட்கம் லேசாகத்தான் இருந்தது. "சத்தம் இல்லாம எனக்கும் போரடிச்சுப் போச்சு" என்றார் டீச்சர். பிறகு மூன்றாம் சூடு. அடுத்த மூன்று மாதம் கதவுகள் விட்டுவிட்டுத் தட்டப்பட்டன. தழும்பு ஆறும்வரை அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை. தட்டல் வரவரக் குறைந்தது. கடைசியில் பல் டாக்டர் வீட்டில் மட்டும் கேட்டது, பிறகு அங்கேயும் நின்றது.

நான்காம் மாதம், ஒரு ஞாயிறு மதியம், பூட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தபோது அவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மனைவி உடனே திறக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். எழுபத்திரண்டு. ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை. திறந்தாள். வாசலில் யாரும் இல்லை.

"வாங்க" என்று சொல்லி, ஒதுங்கி வழிவிட்டு, கதவைச் சாத்தினாள். பூட்டுக்காரர் நிமிர்ந்து, யாரு என்று கேட்டார். "நீங்கதான்" என்றாள்.

அதற்குப்பின் அந்தத் தெருவில் கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் ஆட்கள்தான். பூட்டுக்காரர் மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறார். என்றைக்காவது அவர் நெஞ்சு மறுபடி கிளம்பிப் போனாலும் திரும்பி வர வசதியாக இருக்கட்டும் என்று, அவர்கள் வீட்டில் மட்டும் பகலில் தாழ்ப்பாள் போடுவதில்லை.