கண்ணாடியில் எழுதிய பன்னிரண்டு நாற்பது

ஆரின் டாக்கெட்டின் 1972-ஆம் வருஷத்துப் பிக்கப் டிரக் பதினான்கு மாதமாக கராஜுக்குள் இரும்புத் தாங்கிகள் மேல் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினில் குறையில்லை. கியரில் குறையில்லை. பின்பக்கத்துக்கு எந்த சஸ்பென்ஷன் போடுவது என்று ஆரினுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓக்லஹோமாவில் அவன் ஏசி மெக்கானிக். அடுத்தவர் வீட்டு மெஷினுக்கு அரை மணியில் தீர்ப்பு எழுதிவிடுவான். சொந்த வண்டி என்றதும் கை ஓடவில்லை. பட்டை ஸ்பிரிங் வாங்கினான், திருப்பி அனுப்பினான். ஏணி மாதிரி இரண்டு சட்டம் வாங்கினான். ரேஸ் தளத்தில் பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் தெருவில் திரும்பும்போது முறுக்கிக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, அதுவும் போயிற்று. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்ப்பான். எதைப் பார்த்தாய் என்று கேட்டால் மறுபடி டார்ச்சை எடுப்பான்.

சனிக்கிழமை காலைகளில் டைனர் என்கிற சாப்பாட்டுக் கடையில் கேலார்ட் புரூயிட் இருப்பார். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அவர் வாத்தியார். அந்தப் பட்டத்தை அவரே கொடுத்துக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. கிரேவியில் பிஸ்கட் ரொட்டியைத் தோய்த்தபடி காகித நாப்கினில் கோடு போடுவார்.

"நாலு தண்டு, ஆரின். நாலு தண்டு சஸ்பென்ஷன் இல்லேன்னா அது வண்டியே இல்ல, உழவு சாமான். ஒவ்வொரு தண்டுக்கும் ஏழு துளை. எந்தத் துளையில போல்ட் போடறோங்கறதுலதான் வித்தையே இருக்கு."

"உங்க வண்டியில எந்தத் துளை?"

"இன்னும் பரிசோதனையில இருக்கு."

ஆறு வருஷமாகப் பரிசோதனையில் இருந்தது. அவர் வண்டி தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை. டிரெய்லரில் வரும், டிரெய்லரில் போகும்.

ஆரினின் மனைவி ரெனிட்டாவுக்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம், கராஜ் வேண்டும். இரண்டு குளிர்காலமாக அவள் கார்தான் வெளியே பனியில் நின்றது. செப்டம்பரில் ஒரு நாள் காபிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்டோபர் கடைசி ரேஸ். வண்டி சொந்தக் கால்ல தெருவுல ஓடி அங்க போகணும். ஒரே ஒரு ஓட்டம் ஜெயிக்கணும். ஜெயிச்சா உன் வண்டி, உன் கராஜ். தோத்தா பண்ணைக்கார ஹோலிஸ் பீம் அன்னிக்கே விலைக்கு எடுத்துட்டுப் போவாரு. அவருகிட்ட பேசிட்டேன்."

"ஹோலிஸா? அவரு வைக்கோல் ஏத்துவாரு, ரெனிட்டா."

"ஏத்தட்டும். பிக்கப்ப வேற எதுக்குச் செஞ்சாங்களாம்?"

 ஆரின் மூன்று நாள் கராஜைச் சுற்றி நடந்தான். நாலாம் நாள், கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய சாமான்கள் காலில் இடித்தன. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோதே பூட்டியிருந்த, பின்அச்சைப் பிடிக்கும் இரண்டு நீள இரும்புக் கைகள், சுருள் ஸ்பிரிங்குகள். கிளம்பும்போது பின்சக்கரம் தவளை மாதிரி குதிக்கிறது என்று அவனே கழற்றிப் போட்டவை. கைகளைத் தூக்கிப் பார்த்தான். அவற்றின் முனையில் இருந்த ரப்பர் புஷ்கள் மண்ணாய் உதிர்ந்தன. குற்றம் கைகளில் இல்லை, ரப்பரில்தான். புதுப் புஷ், கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங், நல்ல ஷாக். எட்டு நாளில் வண்டி தரையில் நின்றது.

வாத்தியாருக்குத் தாங்கவில்லை. "அந்த மாட்டு வண்டிக் கையிலயா? கால் மைல் ஓட பன்னண்டு புள்ளி நாப்பது விநாடி. அதுக்குக் கீழ ஒரு இம்மி வராது. எழுதி வச்சுக்க."

ஆரின் எழுதி வைத்துக்கொண்டான். சஸ்பென்ஷன் விஷயத்தில் அவர் சொல்லை மீறியதில் உள்ளுக்குள் குறுகுறுப்பு. நேரத்திலாவது கேட்டுவிடுவோம் என்று தோன்றியது.

கடைசி ரேஸ் நாள். நாற்பது மைல் நெடுஞ்சாலையில் வண்டி தண்ணீரில் போவது போலப் போனது. பின்னால் ரெனிட்டா தன் காரில் வந்தாள். தளத்தில் டிரெய்லரோடு ஹோலிஸ் ஏற்கெனவே காத்திருந்தார். நேர்மையான மனிதர், ஆரினைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

காலைத் தூறலில் ஒத்திகை ஓட்டங்கள் ரத்தாயின. நேரடியாகப் போட்டிதான்: கால் மைல் நேர்த் தளத்தில் இரண்டிரண்டு வண்டியாக ஓட வேண்டும். தன் வண்டி எத்தனை விநாடியில் முடிக்கும் என்று ஓட்டுகிறவனே முன்கூட்டிக் கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான வண்டிக்கு இருவர் எழுதிய நேரத்தின் வித்தியாச அளவு முன்னாலேயே பச்சை விளக்கு எரியும். முதலில் கோட்டைத் தொட்டவருக்கு வெற்றி. ஆனால் எழுதியதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடிவிட்டால் ஆட்டம் குளோஸ். ஆரின் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதினான்: 12.40.

போட்டிக்குப் பக்கத்துத் தடத்தில் ஒரு பச்சைப் பிக்கப், பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி. கண்ணாடியில் 14.20. அவள் கிளம்பினாள். ஆரின் ஸ்டியரிங்கைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பச்சை. காலை அமுக்கினான்.

சக்கரம் குதிக்கவில்லை. பின்பக்கம் தரையில் அழுந்தி உட்கார்ந்து, வண்டியை அப்படியே முன்னால் வீசியது. கால்வாசித் தூரம் மீதி இருக்கும்போதே பச்சை வண்டியைத் தாண்டிவிட்டான். எழுதிய கணக்குப்படி கோட்டுக்குப் பக்கத்தில்தான் தாண்ட வேண்டும். இவ்வளவு சீக்கிரம் தாண்டினால் என்ன அர்த்தம் என்று தளத்தில் ஹாட்டாக் விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். பிரேக்கைத் தொட்டால் போதும். நேரமிருந்தது. தொடவில்லை.

பலகையில் எண் எரிந்தது: 12.11. தோல்வி.

"நான் சொன்னது சாதாரண வானிலைக்கு," என்றார் வாத்தியார். "இன்னிக்குக் காத்து குளிர்ச்சி. குளிர்ந்த காத்துல எஞ்சின்..."

அவர் நாப்கினைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆரின் சாவியை ஹோலிஸிடம் கொடுத்துவிட்டான்.

"பின்னாடி என்ன போட்டிருக்கே?" என்று கேட்டார் ஹோலிஸ்.

"பழசுதான்."

"நல்லதாப் போச்சு. பாரம் தாங்கும்."

திரும்பும் வழியில் ரெனிட்டா ஓட்டினாள். ஆரின் பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட்டை மாட்டினான், கழற்றினான், மாட்டினான். பத்து மைல் தாண்டியதும் ரெனிட்டா கேட்டாள்.

"வேகமாப் போறது பாதியிலயே உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பிரேக்கத் தொட்டிருந்தா வண்டி உன்னுது."

"ஆமா."

"அப்புறம் ஏன் தொடல?"

ஆரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "முதல் தடவையா ஒழுங்கா ஓடுச்சு, ரெனிட்டா. அதப்போய் எப்படி நிறுத்துறது?"

அவள் தலையை ஆட்டினாள். சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை. பேச்சு பேச்சுதான், வண்டி திரும்பி வராது என்று மட்டும் சொன்னாள்.