படிக்கட்டு விளக்கின் நியூட்ரல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சூரமங்கலம் டவுன் பஸ்ஸில் கிடைத்தது. கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் பக்கத்து சீட்டுக்காரரிடம், "ஆப் பண்ணிட்டுத்தானுங்க ஏறுனேன்" என்றார். பிறகு கண்டக்டரிடமும் அதையே சொன்னார். கண்டக்டர் கேட்டதென்னவோ சில்லறைதான். அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் நிறுத்தத்தைக் கோட்டை விட்டேன்.

அவருக்குத் தீர்த்தகிரி என்று பெயர் வைத்து, ஆட்டையாம்பட்டியில் ஒயர்மேன் ஆக்கினேன். தறி வைத்திருக்கும் பெருமாயியின் மாடியில் மின்விசிறி மாற்ற ஏற்றிவிட்டேன். ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழ வைத்து மணிக்கட்டை முறித்ததும் நான்தான். சுவிட்சை அணைக்காமல் ஏறியவன் என்று ஊர் பேசுகிறது. அந்தப் பேர் வந்துவிட்டால் ஒயர்மேனை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

2

"அந்தி சாயும் வேளையில் அருணகிரி..." வேண்டாம். எல்லாக் கதையிலும் அந்தி சாய்கிறது.

(அருணகிரியைக் கெட்டவனாக்கத்தான் தொடங்கினேன். பெரிய மீசைகூடப் போட்டிருந்தேன். மனசு கேட்கவில்லை, எடுத்துவிட்டேன்.)

அருணகிரியும் ஒயர்மேன்தான். எட்டு வருஷத்துக்கு முன் பெருமாயி வீட்டுக்கு ஒயரிங் செய்தவன். தீர்த்தகிரி விழுந்தபின் ஒருநாள் தறி மோட்டார் பார்க்கப் போனவனிடம் பெருமாயியே சொன்னாள்.

"மாடி சுவிட்ச அணைக்காமயே ஏறிட்டானுங்க அந்தத் தீர்த்தகிரி. அவன் உழுகறதுக்கும் படிக்கட்டு லைட்டு அணைஞ்சு போறதுக்கும் சரியா இருந்துச்சு சாமி. ஊடே அரண்டு போச்சு."

படிக்கட்டு விளக்கு என்றதும் அருணகிரிக்குக் கை ஓடவில்லை.*

* வாசகருக்கு: மீட்டருக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளில், ஒன்றிலிருந்து புறப்படுகிற மின்சாரம் தனக்கென்று உள்ள நியூட்ரல் ஒயரில்தான் திரும்ப வேண்டும் என்கிறது விதி. அப்போதுதான் அது தனி சர்க்யூட். இதை அணைத்தால் இதில் தைரியமாகக் கை வைக்கலாம் என்பதற்கு அதுதான் உத்தரவாதம். (இதை எழுத ஒயரிங் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். என் வீட்டு பியூஸை நான் இன்னும் தொட்டதில்லை.)

3

எட்டு வருஷத்துக்கு முன், பெருமாயி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள். படிக்கட்டு விளக்குக்குக் கீழ்வீட்டு சர்க்யூட்டிலிருந்து மின்சாரம் கொண்டுவந்துவிட்டான் அருணகிரி. திரும்புகிற நியூட்ரலுக்கு, சுவருக்குள் ஒயர் போகும் குழாயில் இடமில்லை. பெயின்ட் அடித்த சுவரை உடைக்கச் சொல்ல வாய் வரவில்லை. மாடி சர்க்யூட்டின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மறுநாள் பெருமாயி முதல் பந்தியிலேயே அவனை உட்கார வைத்தாள்.

தீர்த்தகிரி மாடியை அணைத்துவிட்டுத்தான் ஏறினான். மின்விசிறியைக் கழற்ற அந்த நியூட்ரல் முறுக்கைப் பிரித்தான். இருட்டுப் படிக்கட்டு என்று பகலிலும் எரிந்த விளக்கின் வழியாகக் கீழ்வீட்டு மின்சாரம் அவன் கைக்கு வந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இது தெரிந்த ஒரே ஆள் அருணகிரி. இப்போது நீங்களும்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) யாருக்கும் சொல்லாமல் போய் அந்த நியூட்ரலைச் சரிசெய்துவிடுகிறான். வீடு தப்பித்தது. தீர்த்தகிரியின் பேர்? கிழித்துப் போட்டேன்.

(ஆ) ஊர் நடுவில் நின்று, கண்ணீர் மல்க அவன்... சே.

(இ) ஒரு கிலோ சாத்துக்குடியோடு தீர்த்தகிரி வீட்டுக்குப் போகிறான். தீர்த்தகிரியின் மனைவி ஷாலினி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

"அணைச்சேன்னுதானுங்கண்ணா நெனச்சேன்" என்றான் தீர்த்தகிரி. "எல்லாரும் சொல்லச் சொல்ல, அணைச்சனா இல்லயான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. இனி இந்த வேலை வேண்டாம். கை கூடுனதும் சேகோ பேக்டரிக்கு ஜவ்வரிசி காயப் போடப் போயிரலாம்னு இருக்கறேன்."

இதை எழுதிவிட்டு எனக்கே தாங்கவில்லை. ஒருவன் பிழைப்பைக் கெடுப்பது ஒன்று. அவன் கையை அவனே நம்பாமல் ஆக்குவது அதைவிடக் கொடுமை.

"நீ அணைச்சுட்டுத்தான் ஏறுனே தீர்த்தா" என்றான் அருணகிரி.

இது நான் யோசித்து வைத்திருந்த வசனம் இல்லை. சும்மா நலம் விசாரித்துவிட்டு எழுந்து வரட்டும் என்றுதான் அனுப்பினேன்.

சொம்போடு வந்த ஷாலினி நின்று கேட்டாள்.

"அதெப்படிங்கண்ணா நீங்க அத்தன உறுதியாச் சொல்றீங்க?"

அருணகிரி உண்மையைச் சொன்னால், அவன் ஒயரிங் செய்த அத்தனை வீட்டுக்காரர்களும் நாளைக்கே சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் ஒரு வரி எழுதி அவனை நல்லவனாக்கிவிடலாம். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அதனால்தான் எழுத மாட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஷாலினி உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.